அக்கா மாட்டிய கோலெட் சக்

என் அக்காவின் கையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போன மாப்பிள்ளை வீடுகள் மூன்று. மூன்றாவதாக வந்த கூட்டத்தில் ஒரு பெரியவர் மூடி மறைக்காமல் சொன்னாராம்: "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. கைதான் மாப்பிள்ளை கை மாதிரி இருக்கு." அப்பா அதைப் பல வருடம் சொல்லிச் சிரித்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் அக்காவைக் கூப்பிட்டு, "கையைக் காட்டு, பெரியவளே" என்பார். அக்கா காட்டுவாள். உள்ளங்கையில் சூட்டோடு பறந்த இரும்புச் சுருள் இழுத்த கோடுகள். நகக்கண்ணில் எந்தச் சோப்புக்கும் மசியாத கருப்பு.

அக்காவுக்கு இப்போது முப்பத்தெட்டு. பதினாறு வயதில் அப்பாவோடு பட்டறைக்குப் போனவள். அங்கே வேலை பார்த்த ஆள் ஒரு நாள் சொல்லாமல் நின்றுவிட்டார். "ஒரு மாசம் வந்து நில்லு. ஆள் கிடைச்சதும் பள்ளிக்கூடம் போயிக்கலாம்" என்றார் அப்பா. அவர் ஆள் தேடவே இல்லை. நாலாவது மாதம் அவளுடைய பின்னல், இரும்பு கடையும் லேத்தின் நீளத் திருகில் சிக்கியது. அப்பா மெஷினை நிறுத்தினார். தகடு வெட்டும் கத்திரியை எடுத்துப் பின்னலைக் கழுத்தோடு வெட்டினார். பிறகு குனிந்து திருகை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, மரைக்கு ஒண்ணும் ஆகல" என்றார். அதற்குப் பிறகு அக்கா முடி வளர்க்கவில்லை.

பட்டறை என்றால் ஒரே ஒரு தகரக் கொட்டகை. இடது பக்கம் வெல்டிங் கடை, வலது பக்கம் டயர் கடை. நடுவில் அப்பாவைவிட மூன்று வயது மூத்த ஒரு லேத். செய்த கம்பெனியின் பெயர் பொறித்த தகடு கை பட்டுப் பட்டு வழவழவென்று ஆகி, எழுத்தெல்லாம் போய்விட்டது. அந்தத் தெருவில் அப்பாவுக்கு முள்ளுக்காரர் என்று பெயர். சட்டைப் பையில் எப்போதும் டயல் கேஜ் இருக்கும். சுழலும் பொருளின் மேல் அதை வைத்தால், பொருள் எவ்வளவு கோணி ஆடுகிறது என்று அதன் முள் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கோடு என்றால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அக்கா முடித்த வேலையின் மேல் டயலை வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிப் படிப்பார்.

"ஒம்போது கோடு. வெல்டிங்காரரே, காதுல விழுந்துதா? ஒம்போது."

"விழுந்துச்சு மேஸ்திரி" என்பார் வெல்டிங்காரர், கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிக்கொண்டு. "நமக்கெல்லாம் ஒம்போது மில்லி தப்புனாலே அன்னிக்கு நல்ல நாள்."

அக்கா திரும்ப மாட்டி, திரும்பக் கடைவாள். இருபத்திரண்டு வருடம் இப்படித்தான் போனது. அதில் கடைசி ஆறு வருடம் நான் ஊரிலேயே இல்லை. ஒரு நாட்டில் சமையலறையில் பாத்திரம் கழுவினேன், இன்னொரு நாட்டில் பழம் பறித்தேன், மற்றவற்றில் சும்மா இருந்தேன். திரும்பி வந்த வாரத்தில்தான் அப்பா லேத்தை விற்கப் போவதாகச் சொன்னார்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, உப்பு கேட்கிற குரலில் சொன்னார்.

"கொட்டகையைக் கிடங்குக்குக் கேக்கறாங்க. குடுத்துடலாம்னு இருக்கேன். லேத்தைப் பழைய இரும்புக் கடைக்காரன் மாசக் கடைசில வந்து தூக்கிப்பான்."

அக்காவின் கை தட்டிலேயே நின்றது. "நான்?"

"நீ என்ன? வீட்ல இரு. அம்மாவுக்கும் முழங்கால் வலி."

அம்மா, "என் முழங்காலை ஏங்க இழுக்கறீங்க?" என்றாள். அப்பா அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அக்காவிடம் அப்போது ஒரு விஷயம் இருந்தது. ஒரு பம்புக் கம்பெனி வால்வு ஊசிகள் கேட்டிருந்தது. பென்சில் தடிமனில், விரல் நீளத்தில், மாதத்துக்கு ஆயிரக்கணக்கில். இரண்டு நிபந்தனைகள். ஆட்டம் இரண்டு கோட்டுக்கு மேல் கூடாது. ஊசியின் உடம்பில், அதைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் தாடைத் தடம் கூடாது. எங்கள் பழைய மூன்று தாடை சக் ஏழெட்டுக் கோடு ஆடும், கடித்த இடத்தில் தடமும் பதிக்கும். அதற்குக் கோலெட் சக் வேண்டும். கோலெட் என்பது நீளவாக்கில் கீறல் விட்ட ஒரு எஃகுக் குழல். நட்டை முறுக்கினால் கம்பியை எல்லாப் பக்கமும் ஒரே அழுத்தத்தில் கவ்விக்கொள்ளும். கடிக்காது, பிடிக்கும். அக்கா தன் கையிருப்பைப் போட்டு ஒன்று வாங்கி, அட்டைப் பெட்டியோடு கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள்.

அவள் அதைச் சொன்னதும் அப்பா சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"அந்தக் கிழட்டு லேத்துல கோலெட்டா? சரி. நான் ஒண்ணு சொல்றேன். கம்பெனி ஆள் என்னிக்கு வரான்?"

"இருபதாம் தேதி."

"இருபதாம் தேதி அவன் டயல்ல ரெண்டு கோட்டுக்குள்ள நின்னா, லேத்து உன்னுது, கொட்டகையும் உன்னுது. நிக்கலேன்னா இரும்புக் கடை. அப்புறம் அழக்கூடாது."

"நான் எப்ப அழுதேன்?" என்றாள் அக்கா.

மறுநாள் வேலை தொடங்கியது. புது சக் பழைய லேத்தில் நேராக மாட்டாது. ஸ்பிண்டிலின், அதாவது சக்கைச் சுழற்றும் தண்டின், மூக்கில் மரை இருக்கும். அந்த மரையில் திருகி உட்காரும் ஒரு வார்ப்பிரும்பு வட்டப் பலகையை முதலில் செய்ய வேண்டும். அந்தப் பலகையின் முகத்தில் ஒரு படி வெட்ட வேண்டும். சக்கின் முதுகிலுள்ள பள்ளம் அந்தப் படியின்மேல் ஆட்டமில்லாமல் இறுகி உட்கார வேண்டும். பிறகு மூன்று போல்ட். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் படியை, பலகை அதே ஸ்பிண்டிலில் திருகியிருக்கும்போதே வெட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பிண்டில் எதைச் சுற்றிச் சுழல்கிறதோ, சக்கும் அதையே சுற்றிச் சுழலும்.

பத்து மணிக்கு மேல் வாடிக்கையாளர் வேலை உண்டு. அதற்குப் பழைய சக்கைத் திரும்ப மாட்டியாக வேண்டும். அதனால் அக்கா காலை ஏழரைக்கே கொட்டகையைத் திறந்து, முதல் வேலையாகப் பலகையைக் கடைந்தாள். நானும் கூடப் போனேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, கருந்தூளைப் பெருக்குவதைத் தவிர. வார்ப்பிரும்பு சுருளாக வராது, தூளாகத்தான் உதிரும். மூக்குக்குள் எல்லாம் போகும்.

முதல் பலகையில் சக்கை மாட்டி, கோலெட்டில் ஒரு நேர்க் கம்பியைப் பிடித்து, டயலை வைத்து, கையால் மெதுவாகச் சுழற்றினாள். முள் ஐந்து கோடு போய்வந்தது.

அப்பா பத்து மணிக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முள்ளைப் பார்த்தார்.

"அஞ்சு. நல்லாத்தான் கூத்தாடுது. வெல்டிங்காரரே, வந்து பாருங்க, டிக்கெட் கிடையாது."

அக்கா மரையைச் சந்தேகப்பட்டாள். ஸ்பிண்டில் மூக்கின் அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு செய்து, அதை வைத்துப் பார்த்துப் பார்த்து இரண்டாவது பலகைக்கு மரை போட்டாள். அதில் நாலு நாள் போனது. முள் நாலு கோடு காட்டியது. பிறகு கோலெட்டைச் சந்தேகப்பட்டு, வாங்கிய கடைக்கே எடுத்துப் போனாள். கடைக்காரர் தன் புது மெஷினில் வைத்துக் காட்டினார். முள் அசையவில்லை. "உங்க லேத்தை மாத்துங்க, மேடம்" என்றாராம். வரும் வழியில் பேருந்தில் அந்த மேடத்தை நினைத்து நினைத்துச் சிரித்ததாக அக்கா சொன்னாள். இருபத்திரண்டு வருடத்தில் லேத் விஷயமாக அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

மூன்றாவது பலகைக்குத் தடிமனான இரும்பாகப் பார்த்து வாங்கினாள். பதினாலாம் தேதி அதையும் கடைந்து மாட்டினாள். ஆறு கோடு. முதலில் செய்ததைவிட மோசம்.

அன்றைக்கு அப்பா எதுவும் படிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்று, தன் கைக்குட்டையால் அக்காவின் மூக்கில் இருந்த கருந்தூளைத் துடைத்துவிட்டார். "போதும்மா. வீட்டுக்குப் போலாம்" என்றார். அவர் அக்காவை 'அம்மா' போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை எனக்கு எழ முடியவில்லை. அக்கா தனியாகப் போயிருந்தாள். எட்டு மணி இருக்கும். அப்பா சமையலறை மேசையில் டீயை ஊதிக் குடித்தபடி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்நேரம் போல்ட்டைக் கழட்டிக்கிட்டிருப்பா. பாவம். எதைக் கழட்டினாலும் கிடைக்காது."

"ஏம்பா?"

"மெஷின் குளுந்து கிடக்குடி. அது வெண்கலப் புஷ்ல, ஒரு வளையத்துக்குள்ள, ஓடற ஸ்பிண்டில். ராத்திரி பூராக் குளுந்தா உள்ள நூலளவு இடம் விட்டுடும். வெறுமனே ஒரு மணி நேரம் ஓடவிட்டா சூடேறி, புஷ் இறுகிக் கவ்விக்கும். அதுக்கப்புறம் வெட்டினாத்தான் வட்டம் வட்டமா வரும். இப்ப அவ வெட்டறது முட்டை."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நான் சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்தே அப்பா விடிந்தும் விடியாமலும் ஆறு மணிக்கே பட்டறைக்குப் போய்விடுவார். வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் ஓடுகிறார் என்று அம்மா அவர் முகத்துக்கு நேராகவே சொல்வாள். அவரும் ஆமாம் என்பார். அக்கா எட்டு மணிக்குப் போகும்போது லேத் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். ஓடுகிற மெஷின் எதற்காக ஓடுகிறது என்று அவள் ஏன் கேட்கப்போகிறாள்? சாப்பாட்டு மேசையில் பந்தயம் போட்ட அன்றிலிருந்து, "இனி உன் மெஷின், நான் எதுக்குச் சீக்கிரம் போகணும்?" என்று சொல்லிவிட்டுப் பத்து மணி வரை வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அவகிட்ட சொல்லலாமே" என்றேன்.

"எங்கிட்ட யார் சொன்னாங்க? நானாத்தான் கண்டுபிடிச்சேன். எட்டு வருஷம் ஆச்சு. அவளுக்கு இருபத்திரண்டு வருஷம் குடுத்திருக்கேன்." டம்ளரைக் கழுவுதொட்டியில் போட்டார். "உங்கிட்ட சொன்னா என்ன, செவுத்துகிட்ட சொன்னா என்ன? உனக்குத் திருப்புளிக்கும் சுத்திக்கும் வித்தியாசம் தெரியாது."

அவர் சொன்னது உண்மை. அதைவிட மோசமான ஓர் உண்மையையும் இங்கே எழுதிவிடுகிறேன். அக்காவிடம் நான் அதை அன்றைக்கும் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. அப்பா என்னிடம் தானாக ஒரு விஷயம் சொன்னது அதுதான் முதல் தடவை. அதை உடனே கொடுத்துவிட மனம் வரவில்லை. அந்த இரண்டு நாளும் அக்கா போல்ட்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்தாள். ராத்திரிகளில் கொட்டகையின் கூரை அதிர்கிறதோ என்றுகூடக் கேட்டாள். நான் தூள் பெருக்கினேன்.

பதினேழாம் தேதி மத்தியானம், அவள் தரையில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், டீ, கடிகாரம், வெண்கலப் புஷ், முட்டை.

அக்கா பாட்டிலை மூடினாள். முதலில் கேட்ட கேள்வி நான் எதிர்பார்க்காதது.

"உங்கிட்டயா சொன்னாரு?"

"ஆமா."

"எப்ப?"

"முந்தாநாள்."

எழுந்து லேத்தின் எண்ணெய்த் துளையை விரலால் தொட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். "தினமும் எண்ணெய் விட்டது நானு. அந்தப் புஷ்ஷுக்கு, இந்தக் கையால. உன்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சு டீயும் குடிச்சுக்கிட்டு உங்கிட்ட சொல்லியிருக்காரு. நீயும் ரெண்டு நாள் வெச்சுக்கிட்டே."

"அக்கா, நான்…"

"விடு. நீ அவர் பொண்ணு. நான் அவர் ஆளு."

மூன்றாவது பலகையை எடுத்துத் தடிமனை அளந்தாள். பழைய படியை முழுவதும் சீவித் தள்ளிவிட்டு, உள்ளே தள்ளி இன்னொரு படி வெட்ட இடம் இருந்தது. ஒரே ஒரு தடவைக்கு. நாலாவது பலகைக்கு இரும்பு வாங்கி மரை போட நாளும் இல்லை.

பதினெட்டாம் தேதி ஐந்தரைக்கே போய் லேத்தை ஓடவிட்டாள். நான் கேட்காமலே பின்னால் போனேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் வெறும் ஸ்பிண்டில் சுழல்வதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தாங்கியின்மேல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தாள். பிறகு பலகையைத் திருகி, வெட்ட ஆரம்பித்தாள். கடைசி வெட்டுகளில் உளியை மயிரிழை மயிரிழையாக முன்னால் தள்ளி, ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, சக்கின் பள்ளத்தை வைத்துப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் சக்கைக் கையால் அழுத்தினாள். உள்ளேயிருந்த காற்று மெல்ல வெளியேறி, சக் போய் உட்கார்ந்தது. இழுத்தால் வரவில்லை. போல்ட் போட்டாள். டயலை வைத்தாள்.

ஒரு கோடு. அதுவும் முழுதாக இல்லை.

என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊசி கடைய ஆரம்பித்தாள்.

இருபதாம் தேதி கம்பெனி ஆய்வாளர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய, கொட்டாவி விடுகிற ஒரு நடுத்தர வயதுக்காரர். அப்பா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின இரண்டு நாளும் பட்டறைப் பக்கமே வரவில்லை, அவ்வளவு நம்பிக்கை. ஆய்வாளர் ஊசிகளைக் குவியலிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக அளந்தார். பத்து, இருபது, முப்பது. தடமும் இல்லை, ஆட்டமும் இல்லை. பிறகு கோலெட்டில் பிடித்த கம்பியின்மேல் தன் டயலை வைத்துச் சுழற்றினார்.

"ஒண்ணு" என்றார். "நல்லா இருக்கு."

அப்பா எழுந்து வந்து முள்ளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் டயர் கடையைப் பார்த்தேன்.

"சார்" என்றார் அப்பா, "மரையில திருகற சக்கு இது. ஒரு தடவை நிக்கறது பெரிசில்ல. கழட்டி மாட்டச் சொல்லுங்க. திரும்ப அதே இடத்துல உக்காந்தாத்தான் கணக்கு."

ஆய்வாளர் அக்காவைப் பார்த்தார். "அவர் சொல்றது நியாயம்தாம்மா."

அக்கா சக்கைப் பலகையோடு கழற்றினாள். அதன் கனத்தை மார்போடு அணைத்து இறக்கினாள். ஸ்பிண்டில் மூக்கை, பலகை வந்து முட்டும் அதன் விளிம்பை, பலகையின் மரையை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து, பிறகு வெறும் விரலால் சுற்றித் தடவினாள். ஒரு துகள் இருந்தாலும் போச்சு. துகளைத் துணி விட்டுவிடலாம், விரல் விடாது. மூன்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் பிடிக்காத அந்த விரல். திருகி இறுக்கினாள். ஆய்வாளர் டயலை வைத்தார். வெல்டிங்காரர் வேலையை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணரை" என்றார் ஆய்வாளர். "போதும். அடுத்த மாசத்துலேருந்து ஆரம்பிக்கலாம்."

வெல்டிங்காரர், "ஒண்ணரை, மேஸ்திரி. காதுல விழுந்துதா?" என்றார்.

ஆய்வாளர் போன பிறகு அப்பா, "சரி. சொன்னது சொன்னதுதான். லேத்து உன்னுது" என்றார். கெட்டவர்தான், ஆனால் வாக்கு மாறுகிறவர் இல்லை. "காலைல ஆறு மணிக்கு நான் வந்து ஓடவிட்டுடறேன். எனக்கும் பழகிப்போச்சு."

"சாவி" என்றாள் அக்கா.

"எது?"

"கொட்டகை சாவி. உங்ககிட்ட ஒண்ணு இருக்குல்ல."

அவர் எடுத்துக் கொடுத்தார். அக்கா அதைத் தன் சாவியோடு ஒரே வளையத்தில் கோத்தாள்.

"நாளைலேருந்து நீங்க வர வேண்டாம்பா."

"சும்மா வந்து உக்காந்துட்டுப் போறேன்."

"உக்கார இடம் இல்ல. அந்த ஸ்டூல் இருக்கற இடத்துல ஊசிப் பெட்டி வைக்கணும்."

வெல்டிங்காரர் சிரிக்க வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அப்பா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். டயல் அங்கேதான் இருந்தது. அக்கா அதைக் கேட்கவில்லை. அளக்க அவருக்கு வீட்டில் என்ன இருக்கிறது?

என் முறை வாசலைப் பூட்டும்போது வந்தது. "நீயும் நாளைக்கு வராதே" என்றாள். "தூள் பெருக்க ஆள் சொல்லிட்டேன். நீ எப்படியும் கிளம்பப் போறவதானே?"

"கிளம்பறதா நான் சொல்லவே இல்லியே."

"இன்னும் சொல்லல. அவ்வளவுதான்."

அது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அப்பா இப்போதும் ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, சட்டை போட்டு, வாசல் நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறார். ஒரு நாள் பட்டறைத் தெருவரைக்கும் நடந்து போனதாக வெல்டிங்காரர் அம்மாவிடம் சொன்னார். கம்பிக் கதவுக்கு வெளியே கால் மணி நேரம் நின்றாராம். அக்கா உள்ளே நின்று ஊசி கடைந்துகொண்டே இருந்தாளாம். ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, லைட்டைத் தன் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பிக்கொண்டாளாம்.

நேற்று சாயங்காலம் நாலு பேரும் சாப்பிட்டோம். அப்பா தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னிக்கு எத்தனை ஊசி?"

அக்கா அம்மா பக்கம் திரும்பினாள். "எனக்கு ஞாபகம் இல்லேன்னு அவர்கிட்ட சொல்லும்மா."

இருவருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. அம்மா ஒரு தரம் அவரையும் ஒரு தரம் அவளையும் பார்த்தாள். "ஞாபகம் இல்லியாம்" என்றாள்.

"கேட்டுச்சு" என்றார் அப்பா.